உச்சுக்கொட்டத் தெரியாதா நமக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்க மொழிகள் பற்றிய ஞாயிறு கட்டுரையில், கோசா மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சொடக்கொலிகளை ('கிளிக்') நம் வாயால் எழுப்பவே முடியாத விநோதச் சத்தம் என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. யாராவது கெட்ட செய்தி சொன்னால் 'ச்சு ச்சு' என்று உச்சுக்கொட்டுகிறோமே, கோசாவில் அதுவே ஒரு மெய்யொலி, ரோமன் எழுத்தில் 'சி' போட்டு எழுதுகிறார்கள். வண்டிமாட்டை விரட்ட நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பக்கம் இழுத்து எழுப்பும் சத்தம் இன்னொன்று, அதற்கு 'எக்ஸ்'. கோசா என்ற பெயரே அந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறது, நாம்தான் 'கோ' என்று சோம்பேறித்தனமாகச் சொல்லிவிடுகிறோம்.

உச்சுக்கொட்டிப் பாருங்கள். நாக்கின் பின்பகுதி அண்ணத்தில் ஒட்டியிருக்கும், நுனி மேல்பல்லை அடைத்திருக்கும், நாக்கைக் கீழே இழுக்க இழுக்க நடுவில் சிக்கிய காற்று மெலிந்துபோய், நுனியை விட்டதும் வெளிக்காற்று சட்டென்று உள்ளே பாயும். நுரையீரலுக்கு இதில் வேலையே இல்லை, அதனால் உச்சுக்கொட்டிக்கொண்டே மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகலாம் (எங்கள் வீட்டில் எல்லோரும் செய்து பார்த்தோம், ஒரே சிரிப்பு). கஷ்டம் ஒலியில் இல்லை, அதை உயிரொலிகளுக்கு நடுவே தடுமாறாமல் கோப்பதில்தான் இருக்கிறது.

அப்புறம், இந்த ஒலிகள் கோசாவுக்கும் அதன் உறவுமொழியான சூலுவுக்கும் பிறவிச் சொத்தல்ல, அக்கம்பக்கத்தில் வாழ்ந்த கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. கட்டுரையில் அவர்கள் பெயரே இல்லை.

ஒரு வாசகி,
திருச்சி