உலை மூட்டும் முன் ஒரு கடிதம்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள மணியம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று, உன் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் கேஸ் உலை கட்டி அலுமினியம் உருக்கப் போகிறாயாமே! வேண்டாம் என்றால் கேட்பவனா நீ? சரி, இதைப் படித்துவிட்டுச் செய்.

நீ கேட்டதெல்லாம் நெருப்பைப் பற்றி. என் பயமெல்லாம் தண்ணீர்தான். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் மாட்டினால் போதும், நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். மேலே இருக்கிற உலோகம் அப்படியே முகத்தில் தெறிக்கும். உன் ஊர் புக்கிட் மெர்தாஜாம் மழையும் புழுக்கமும் உனக்குத் தெரியாததா? அச்சு, கரண்டி, உருக்கும் பாத்திரமான மூசையில் போடும் பழைய பிஸ்டன், எல்லாவற்றையும் முதலில் நன்றாகச் சூடாக்கி ஈரம் போக்கு. சிமெண்டுத் தரையை நம்பாதே. அதற்குள்ளும் ஈரம் உண்டு, உலோகம் சிந்தினால் தரையே பெயர்ந்து தெறிக்கும். காய்ந்த மணல் பரப்பிக்கொள். வானம் கறுத்தால் அன்றைக்கு வேலை இல்லை.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது. பார்க்க வெள்ளிபோலச் சாதுவாக இருக்கும், அதுதான் ஆபத்து.

பழைய பித்தளை விளக்குகளை இப்போதைக்குத் தொடாதே. அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல்தான்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் லோங்காங் சாக்கடையில் போய்த் தங்கும். அதனால் திறந்த வெளியில் வை, கேஸ் தோம்பு (சிலிண்டர்) தள்ளியே நிற்கட்டும், இணைப்புகளைச் சோப்பு நுரை தடவிப் பார். சமையல் அடுப்பு ரெகுலேட்டர் இதற்குப் போதாது, உயர் அழுத்தத்துக்கு ஏற்ற ரெகுலேட்டரும் குழாயும் வாங்கு. முதலில் உலைக்குள் தீ, பிறகுதான் கேஸ்.

என்னைக் கேட்டால் வெள்ளீயத்தில் ஆரம்பி என்பேன். 232 டிகிரியிலேயே உருகிவிடும், உலையே வேண்டாம். எங்கள் ஊரில் ராயல் செலாங்கூர் 1885 முதல் வெள்ளீயக் கலவையில்தான் பியூட்டர் சாமான் செய்து விற்கிறது. காரீயம் கலந்ததை மட்டும் வாங்கிவிடாதே.

அடுத்த மாதம் ரயிலேறி வருகிறேன், அதுவரை பற்ற வைக்காதே. தோல் பூட்ஸ், பருத்திச் சட்டை, முகத்தை மூடும் கவசம், மூன்றும் தயாராக இருக்கட்டும். உன் பளபள போலியஸ்டர் சட்டை கல்யாண வீட்டுக்கு!

அன்புடன்,
செல்வம்