‘மழை, அப்பா’ என்று நீ அனுப்பிய படம்

அன்புள்ள கண்ணாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போடச் சொன்னால் போடுவதில்லை, அதை விடு. மூன்று ஞாயிறாக நீ போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினாலும் நான் ரெண்டு நிமிஷத்தில் அம்மா கையில் கொடுத்துவிடுவேன், அது உனக்கே தெரியும், அதனால்தான் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். நீளமாகப் போகும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், ஆனால் கடைசி வரைக்கும் படி.

போன மாதம் ஒரு படம் அனுப்பினாயே, வாண்டேஜ் ரோட்டில் நார்த்தாம்ப்டன் கவுண்டி கிரிக்கெட் கிரவுண்டு, அதை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கு இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று எடுத்திருக்கிறாய். கம்பிக்கு அந்தப் பக்கம் பச்சை, ஒரு ஆள் இல்லை, கம்பியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. கீழே ‘மழை, அப்பா’ என்று ரெண்டே வார்த்தை. இங்கே செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு வந்தது. அங்கே பகல் 11 மணி. லீவு போட்டிருப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

சாப்பிடுகிறாயா? காலையில் வெறும் காப்பியோடு நிறுத்தாதே. வெயில் வந்தால் அரை மணி நேரமாவது வெளியே போய் நில்.

நீ நின்ற அந்த இடம் எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சின்ன வயதில் சொல்லிச் சொல்லி உன் காது புளித்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இப்போது அதைப் பற்றித்தான் எழுத வருகிறது. 1907 ஜூன் 1. கென்ட் அணியின் காலின் பிளைத் அந்த ஒரே நாளில், நீ கம்பி வழியாகப் பார்த்த அதே மைதானத்தில், நார்த்தாம்ப்டன்ஷயரை முதல் இன்னிங்ஸில் 30 ரன்னுக்கு 10 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 7 விக்கெட் என்று சுருட்டினார். 48 ரன்னுக்கு 17 விக்கெட், ஒரே நாளில். உங்கள் ஊர் அணி 60-க்கும் 39-க்கும் ஆல் அவுட். அப்போதெல்லாம் மழையில் பிட்சை மூடி வைக்கிற இந்தக் காலத்து வழக்கம் கிடையாது. மழை பெய்தால் பிட்சும் சேர்ந்து நனையும், அப்புறம் வெயில் அடித்தால் மேலே மட்டும் காய்ந்து தோல் கட்டும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அம்மா மாடியில் வடகம் போடுவாளே, முதல் நாள் சாயங்காலம் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், விரலை அழுத்தினால் உள்ளே கொழகொழ என்று இறங்கும், அதே மாதிரிதான். அதில் இடது கை ஸ்பின்னர் பந்தைப் போட்டால் ஒன்று முகத்துக்கு எகிறும், அடுத்தது தரையோடு போகும். மட்டை பிடித்தவன் மேல் அதில் என்ன குற்றம்? நான் அதை அப்போது உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. எண்களை மட்டும்தான் சொன்னேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஜூன் 11, குளோஸ்டரில் அதே அணி 12 ரன்னுக்கு ஆல் அவுட். 11.3 ஓவர். குளோஸ்டர்ஷயர் பவுலர்கள் டென்னட் 9 ரன்னுக்கு 8 விக்கெட், ஜெஸ்ஸப் 3 ரன்னுக்கு 2. கவுண்டி அணிகள் ஆடும் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் இன்றுவரை அதுதான் குறைந்த ஸ்கோர்.

இதை முதல் தடவை சொன்னபோது உனக்கு ஒன்பது வயது. லீக் மாட்ச், நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ என் வலது பக்கம் பெஞ்சில். ரன்னே வராத மெய்டன் ஓவர் வந்தால் ஆறு புள்ளியையும் இணைத்து எம் போடுவது உன் வேலை. நாக்கை ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு கோடும் கட்டத்தைத் தாண்டாமல் அவ்வளவு கவனமாகப் போடுவாய், அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. 12 என்றதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, ‘அப்புறம் அவங்க வீட்டுக்குப் போய் என்ன சொன்னாங்கப்பா?’ என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பென்சிலைச் சீவு என்றேன்.

அந்த 12 ரன் ஆட்டத்தில் இரண்டாவது இன்னிங்ஸில் 7 விக்கெட் போய் 40 ரன்னில் நின்றார்கள். டென்னட் ஒருவரே அன்று 21 ரன்னுக்கு 15 விக்கெட் எடுத்திருந்தார், குளோஸ்டர்ஷயர் ஜெயிப்பதற்கு இன்னும் மூன்றே விக்கெட். மறுநாள் முழுக்க மழை, ஆட்டம் டிரா. அந்த டென்னட் இரண்டாயிரத்துக்கு மேல் விக்கெட் எடுத்தவர், ஒரு டெஸ்ட் கூட ஆடக் கூப்பிடவில்லை. திறமை இருந்தால் எல்லாம் தானாக வரும் என்று உனக்குச் சொல்லியே வளர்த்தேன். அது முழு உண்மை இல்லை, இப்போது சொல்கிறேன்.

அடுத்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். 1908 மே மாதம், நீ நின்ற மைதானத்திலேயே யார்க்‌ஷயரிடம் 27, அப்புறம் 15. இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 42. ஆனால் 1912-ல் அந்த நார்த்தாம்ப்டன்ஷயர் சாம்பியன்ஷிப்பில் இரண்டாவது இடம். அந்த சீசன் முழுக்க மொத்தமே 12 பேரை வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஜார்ஜ் தாம்ஸன் 12-க்கு அவுட் ஆன அணியிலும் இருந்தார், இந்த அணியிலும் இருந்தார், நடுவில் இங்கிலாந்துக்கும் ஆடினார். அந்த ஐந்து வருஷமும் மைதானத்துக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார், எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

நீ ஷூவுக்குப் பேர் போன ஊரில் இருக்கிறாய், நல்ல ஷூவாக ஒன்று வாங்கிக்கொள். ஈரத்தில் நடந்தால் உனக்கு உடனே சளி பிடிக்கும். இந்த மாதமும் 1-ஆம் தேதி பணம் வந்துவிட்டது. அடுத்த மாதம் அனுப்பாதே. பென்ஷன் போதும், நிஜமாகவே போதும். பேங்க்கில் புத்தகம் போடப் போனால் அந்த கவுண்டரில் இருக்கிற பெண்கூட ‘பையன் இங்கிலாந்துல இருக்காருல்ல சார்’ என்கிறாள், எனக்கு நெஞ்சு நிறைகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக நீ அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். அக்காவோடு பேசுகிறாய் என்று தெரியும். அவளிடம் கேட்டேன், ‘நல்லா இருக்கான்ப்பா’ என்றாள், அவ்வளவுதான். எதையும் நாலு தரம் சொல்கிறவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவளிடம் சொல்ல முடிகிறது, என்னிடம் சொல்ல முடியவில்லை. சரி. அது உன் தப்பு இல்லை.

பிளைத் வயலின் வாசிப்பவர், தெரியுமா. வலிப்பு நோயும் உண்டு. பெரிய ஆட்டம் என்றால் நரம்பெல்லாம் இழுத்துப் பிடித்த மாதிரி ஆகிவிடும் அவருக்கு. 1909-ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்து டெஸ்ட்டுக்கு உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார், அவர் விலகிக்கொண்டார். அதே வருஷம் 200 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார், கென்ட் சாம்பியன் ஆனது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லலாம் கண்ணா. டாக்டரிடம் சொல்லலாம். அதில் ஒன்றும் குறைந்துபோகாது. 1917-ல் போர்க்களத்தில் குண்டு பட்டுச் செத்தார் அவர், அது வேறு, அது யார் கையிலும் இல்லாதது.

அதே 1907-தான், மூன்று வாரத்துக்குள் எல்லாமே நடந்தது. மே மாதம் லார்ட்ஸில் மிடில்செக்ஸுக்கும் சாமர்செட்டுக்கும் ஆட்டம், மிடில்செக்ஸின் ஆல்பர்ட் டிராட்டுக்கான பெனிஃபிட் மாட்ச். 1899-ல் லார்ட்ஸ் பெவிலியனைத் தாண்டிப் பந்தை அடித்தாரே, அவர்தான். அப்போது சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு இப்படி ஒரு மாட்ச் கொடுப்பார்கள், கேட்டில் வசூலாகும் பணத்தில் செலவு போக மிச்சம் அவருக்கு, வயதான காலத்துக்கு அதை நம்பித்தான் இருக்க வேண்டும். மழை வந்தால் போச்சு. ஆட்டம் சீக்கிரம் முடிந்தாலும் போச்சு. சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்களுக்கு டிரெஸ்ஸிங் ரூம் தனி, இவர்களுக்குத் தனி, கேப்டன் பதவி பெரும்பாலும் அவர்களுக்குத்தான். டிராட் அன்று என்ன செய்தார் என்றால் நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார், அதே இன்னிங்ஸில் அடுத்தடுத்து மூன்று பந்தில் மூன்று விக்கெட் என்று இன்னொரு ஹாட்ரிக்கும் எடுத்தார். மூன்றாவது நாள் சீக்கிரமே ஆட்டம் முடிந்தது. தன் கையாலேயே தன் வசூலைக் குறைத்துக்கொண்டார். நன்றாக வேலை செய்கிறவனுக்கே அப்படி ஆகும், உலகம் அப்படியும் இருக்கிறது.

இதுவரைதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். மீதியை நான் சொன்னதே இல்லை.

டிராட்டுக்கு ஒரு அண்ணன், ஹாரி. ஆல்பர்ட் முதல் டெஸ்ட்டிலேயே 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தவர். 1896-ல் ஆஸ்திரேலியா இங்கிலாந்துக்குக் கிளம்பியது, அண்ணன் கேப்டன், அணியில் தம்பி பெயர் இல்லை. காரணம் என்னென்னவோ சொல்வார்கள். ஆல்பர்ட் தனியாகக் கப்பல் ஏறி வந்து மிடில்செக்ஸில் சேர்ந்தார், அப்புறம் அந்த நாட்டிலேயே இருந்துவிட்டார். 1914 ஜூலை கடைசியில் லண்டனில் வில்ஸ்டன் பக்கம் ஒரு வாடகை அறை. 41 வயது. உடம்பு சரியில்லை, தனியாக இருந்தார். லாண்டரி சீட்டின் பின்பக்கம் வீட்டுக்கார அம்மாவுக்குத் தன் துணிமணியையும் 4 பவுண்டையும் எழுதி வைத்திருந்தார். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

அந்த அறையை நினைத்தால் எனக்கு உன் சித்தப்பா ஞாபகம்தான் வரும், ஒவ்வொரு தடவையும். அதனால்தான் சொல்லாமலே விட்டேன்.

சித்தப்பா விஷயத்தை உங்கள் ரெண்டு பேருக்கும் நான் ஒரு விதமாகத்தான் சொல்லியிருக்கிறேன். மில் மூடின பிறகு அவன் யாரோடும் ஒட்டவில்லை, யாருக்கும் எழுதவில்லை என்று. அவன் எழுதினான். மூன்று இன்லண்டு லெட்டர். வீட்டுப் பாகம் விஷயத்தில் எனக்குக் கோபம். முதல் லெட்டரைப் படித்தேன், பதில் போடவில்லை. மற்ற ரெண்டையும் பிரிக்கவே இல்லை. பணம் கேட்டிருப்பான் என்று இரும்புப் பெட்டியில் ஸ்கோர் நோட்டுகளுக்கு அடியில் போட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, இப்போது உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அந்த வைகாசிக்கு அப்புறம், எல்லாம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். ஒட்டின ஓரத்தைக் கிழிக்கும்போது அவன் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்தே கிழிந்துபோனது, அது என்ன வரி என்று இன்றைக்கும் தெரியாது. பணம் கேட்கவில்லை கண்ணா. ‘ஞாயித்துக்கிழமை மாட்ச் என்ன ஆச்சு அண்ணா, ஸ்கோர் எழுது’ என்று கேட்டிருந்தான். அவ்வளவுதான் கேட்டிருந்தான். எனக்கு அந்த ஸ்கோர் தெரியும், நான்தானே எழுதினவன்.

நீ ரெண்டு வார்த்தை அனுப்பினாய், நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தப் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் நான் அனுப்பினதெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நீல டிக் விழுகிற வரைக்கும் சரி என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வேலை என்ன ஆச்சு என்று நான் கேட்கப் போவதில்லை. அம்மாவும் கேட்க மாட்டாள், அவளிடம் பேசி வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் என்று கேட்டாயே, அவர்கள் 12 என்று சொல்லியிருப்பார்கள், வீட்டில் சோறு போட்டிருப்பார்கள். நீ எந்த ஸ்கோரோடு வந்தாலும் எனக்குச் சரி.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை 10 மணிக்குக் கூப்பிடுவேன். பேச வேண்டும் என்று இல்லை, எடுத்துக் காதில் வைத்துக்கொள், நான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் தோன்றினால் ராத்திரி எத்தனை மணியாக இருந்தாலும் கூப்பிடு, போன் தலைமாட்டில்தான் இருக்கிறது, சத்தம் கூட்டி வைத்திருக்கிறேன். டிக்கெட்டுக்கான பணத்தை அக்கா கணக்கில் போட்டுவிட்டேன், நீ தேதி சொன்னால் போதும், திரும்பிப் போகிற தேதி சொல்ல வேண்டாம். மாடி ரூமில் ஃபேன் மாற்றியாகிவிட்டது. அந்த ஸ்கோர் நோட்டை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன், நீ எம் போட்ட பக்கம் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது.

காலையில் சாப்பிடு. வெயில் வந்தால் வெளியே போய் நில்.

அப்பா