‘ஆட்கள் தேவை’ விளம்பரத்தில் கம்பெனிப் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலை மோசடிகள் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையில், இதற்கெல்லாம் மூலகாரணம் இளைஞர்களின் பேராசைதான் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி எங்களைப் புண்படுத்திவிட்டது. தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் உள்ள கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வட்டாரத்தில் ஐ.டி.ஐ. முடிக்கும் பிள்ளைகளுக்கு வேலைக்கு வழிகாட்டும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஃபிட்டர் படித்தவன் மாதம் பதினைந்தாயிரம் ரூபாயில் ஒரு வேலை கேட்பது பேராசை இல்லை. அந்தக் கட்டுரை வந்த அதே நாளில், அதே பத்திரிகையின் வரி விளம்பரத்தில் ‘உடனடி வேலை, ஆண்/பெண், தங்குமிடம் இலவசம்’ என்று வெறும் செல்போன் எண்ணோடு வந்திருந்ததைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

சூலூர்பேட்டை போகும் மின்சார ரயிலில் கதவோரம் ஒட்டியிருக்கும் நோட்டீசும் இப்படித்தான் இருக்கிறது. மேலே தெலுங்கு, கீழே தமிழ். ‘ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்கு ஆட்கள் தேவை. 8-ம் வகுப்பு முதல் டிகிரி வரை. சம்பளம் 18,000 முதல் 25,000. சாப்பாடு, ரூம் ஃப்ரீ.’ அடியில் இரண்டு எண்கள். ஸ்ரீசிட்டி என்பது தடாவை ஒட்டி ஆந்திரப் பக்கம் உள்ள தொழிற்பேட்டை. எந்தக் கம்பெனி, என்ன வேலை, எத்தனை மணி நேர ஷிப்ட் என்று ஒரு வார்த்தை கிடையாது. எட்டாம் வகுப்புக்கும் டிகிரிக்கும் ஒரே விளம்பரம் என்றால், அவர்களுக்கு எந்த வேலைக்கும் ஆள் வேண்டியதில்லை, ஆள் வந்தால் போதும்.

அந்த எண்ணுக்குப் போன் செய்தால் நடப்பது எப்போதும் ஒரே வரிசையில்தான். முதலில் பதிவுக் கட்டணம் 300 அல்லது 500. பிறகு யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு, மெடிக்கல் என்று ஆயிரம், இரண்டாயிரம். கடைசியில் ‘சீட் கன்ஃபார்ம்’ பண்ண ஒரு பெரிய தொகை. முதலில் சின்னத் தொகை கேட்பதற்குக் காரணம் உண்டு. ஐந்நூறு ரூபாய்க்காக யாரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறமாட்டார்கள். ஐந்நூறு கொடுத்தவன் அது வீணாகிவிடக் கூடாதே என்று அடுத்த ஆயிரத்தையும் கொடுத்துவிடுவான். வேலைக்குச் சேர்வதற்கு முன் எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நம்மூரில் ஆள் எடுக்கும் தொழிற்சாலைகள் கேட்டுக்கு உள்ளே கூப்பிட்டுத்தான் இன்டர்வியூ வைக்கின்றன. லாட்ஜ் அறையிலோ டீக்கடையிலோ வைப்பதில்லை. ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் அன்றைக்கே கையில் திருப்பித் தரவேண்டும். ‘பத்திரமாக எங்களிடம் இருக்கட்டும்’ என்றாலோ கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கேட்டாலோ, அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

தங்கள் கட்டுரை ‘விசாரித்துச் சேருங்கள்’ என்று முடித்துக்கொண்டது. எங்கே, எப்படி விசாரிப்பது என்று சொல்லவில்லை. அதையாவது இங்கே எழுதிவிடுகிறேன்.

கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சிக்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் கேளுங்கள். அது 15 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, ஆந்திரா 37, கேரளா 32. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். ‘சென்னைக் கம்பெனி’ என்று சொல்லிக்கொண்டு 37-ல் தொடங்கும் எண்ணை மட்டும் காட்டினால், ஏன் என்று கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, எண் உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வந்துவிடும். ‘இருபது வருட அனுபவம்’ என்று போர்டு வைத்திருப்பவருடைய பதிவு சென்ற மாதத் தேதியில் இருந்தால் மேலே பேச வேண்டியதே இல்லை. அடுத்து பி.எஃப். அலுவலக இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடலாம். எந்த மாதம், எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பது அங்கே இருக்கிறது. ஐந்நூறு பேரை வேலையில் வைத்திருப்பதாகச் சொல்பவர் பதினோரு பேருக்குத்தான் கட்டியிருக்கிறார் என்றால், மற்றவர்களின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். எங்கே போனது? இரண்டையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது, பைசா செலவும் இல்லை.

வேலை உண்மையாக இருந்தாலும் சம்பளத்தில் ஒரு மறைப்பு உண்டு. 18,000 என்று சொல்வது பெரும்பாலும் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. நிர்வாகம் கட்டும் பி.எஃப். 13 சதவீதம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், போனஸ் 8.33 சதவீதம் எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றைக் கழித்தால் சம்பளம் சுமார் 14,450. அதில் தொழிலாளியின் பங்காக பி.எஃப். 12 சதவீதமும் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமும் போனால் கையில் வருவது 12,600. கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தால் இன்னும் குறையும். 25,000 என்ற கணக்கோ பன்னிரண்டு மணி நேர ஷிப்டையும் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யையும் சேர்த்துப் போட்டது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘சம்பளம் எவ்வளவு’ என்பதல்ல. ‘எட்டு மணி நேரத்துக்கு, பிடித்தம் போக, கையில் எவ்வளவு? கம்பெனி ரோலா (நேரடி வேலை), காண்ட்ராக்ட் ரோலா (காண்ட்ராக்டர் மூலம் வேலை)?’ என்று கேட்க வேண்டும். பதிலை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் தருவது கட்டாயம். ‘அப்ரென்டிஸ்’ என்று சேர்த்தால் அந்த ஒப்பந்தம் மத்திய அரசின் அப்ரென்டிஸ்ஷிப் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாத ‘டிரெய்னி’க்கு அப்ரென்டிஸுக்கு உரிய பாதுகாப்பு இல்லை.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று வருவது வேறு ரகம். முத்திரைத்தாள் போல ஒரு ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு வாரம் கண் வலிக்க டைப் அடித்த பிறகு, ‘தவறுகள் அதிகம், ஒப்பந்தப்படி அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கோர்ட் நோட்டீஸ்’ என்று வக்கீல் பெயரில் மிரட்டல் வரும். பெண் பிள்ளைகள் வீட்டில் சொல்லப் பயந்து நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். கட்டக் கூடாது. இதைவிட ஆபத்தானது, ‘சேலரி அக்கவுன்ட் ஆரம்பித்து ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் எங்களிடம் கொடு’ என்பது. அந்தக் கணக்கு வழியாகத் திருட்டுப் பணம் ஓடும். கடைசியில் வேறு மாநிலப் போலீஸ் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரனான பத்தொன்பது வயதுப் பையனைத்தான்.

எல்லையோரம் என்பதால் எங்களுக்கு இன்னொரு தொல்லை. பையன் இருப்பது கும்மிடிப்பூண்டி, கன்சல்டன்சி ரூம் தடாவில், பணம் போன கணக்கு எங்கோ வடக்கே. புகார் கொடுக்கப் போனால் இந்த ஸ்டேஷன் அங்கே போ என்கிறது, அந்த ஸ்டேஷன் இங்கே வா என்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தால், அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் அதை முடக்க வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் போனதுதான்.

ரயில்வே வேலை என்று நம்பிப் பல லட்சம் கொடுத்த தமிழ்நாட்டுக்காரர்கள் 28 பேரை, 2022-ல் புது டெல்லி ரயில் நிலையத்தில் பயிற்சி என்ற பெயரில் ஒரு மாதம் ரயில்களை எண்ண வைத்தார்கள். அப்போது அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. தினம் எட்டு மணி நேரம் நின்று எண்ணினார்களே, அவர்களா சுலபமாகச் சம்பாதிக்க நினைத்தவர்கள்?

இன்னொன்றும் நெடுநாளாக உறுத்துகிறது. புதுத் தொழிற்சாலைத் திறப்பு விழா என்றால் ‘ஆயிரக்கணக்கானோருக்கு வேலை’ என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். வேலைவாய்ப்பு முகாமில் ஆணை வாங்கியவர்களின் படமும் வருகிறது. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் கம்பெனி ரோலில் இருக்கிறார்கள் என்று ஒரு நிருபரையும் அனுப்பிக் கேட்டதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ‘ஆட்கள் தேவை’ வரி விளம்பரங்களில் நிறுவனத்தின் பெயர், கதவு எண்ணோடு முகவரி, ஜி.எஸ்.டி. அல்லது பி.எஃப். பதிவு எண் இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஒரு விளம்பரத்துக்கு இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். ‘விளம்பரங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் போடும் இடத்தில், ‘வேலைக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், ஏமாந்தால் 1930’ என்று தடித்த எழுத்தில் போடுங்கள். அடுத்த ஞாயிறு பதிப்பிலிருந்தே செய்யலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆரம்பாக்கம்.