கண்ணாடிச் சுவர் எழுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டடம் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் காலையில் என் ஜன்னலில் 'தொம்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் கீழே ஒரு புறா கிடந்தது. கண்ணாடியில் அதன் உருவம் அப்படியே பதிந்திருந்தது: விரிந்த இரண்டு இறக்கைகள், நடுவில் நெஞ்சு, ஒரு பக்கம் திரும்பிய தலை. ரத்தம் இல்லை, வெறும் வெண்தூள். புறாவின் இறகில் மாவு போல ஒரு பொடி இருக்கும், அது ஒட்டிக்கொண்டதுதான். வெயில் சாய்வாக விழுந்தபோது இறகு இறகாக எண்ண முடிந்தது. இன்னும் துடைக்க மனம் வரவில்லை.

உங்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. பறவைகள் நம்மோடு ஒத்துப்போகத் தங்களால் ஆனதையெல்லாம் செய்கின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் சுருதியை உயர்த்திப் பாடுகின்றன என்று 2003-லேயே கண்டறிந்தார்கள். பாறை முகடுகளில் முட்டையிட்டு வந்த பொரி வல்லூறு, உங்கள் அடுக்குமாடிகளையே பாறையாக எடுத்துக்கொண்டது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் காக்கை இனத்து மேக்பை ஒன்று செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பறவை உட்காரக் கூடாதென்று நாம் பதிக்கும் கம்பி முட்களைப் பிடுங்கி, ஏறத்தாழ 1500 முட்களால் கூடு கட்டிவிட்டது!

ஆனால் கண்ணாடி விஷயத்தில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் செல்லாது. பட்டுத் தெரிந்துகொள்ள முதல் அடியில் பிழைத்திருக்க வேண்டுமே. கண்ணாடியில் தெரிகிற மரம் பறவைக்கு மரம்தான், வானம் வானம்தான். கதவுச் சட்டமும் கைப்பிடியும் பார்த்து 'இங்கே கண்ணாடி இருக்கிறது' என்று ஊகிக்கிற நாமே எத்தனை முறை மூக்கை இடித்துக்கொண்டிருக்கிறோம்!

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2023 அக்டோபரில், சிகாகோ ஏரிக்கரையில் உள்ள மெக்கார்மிக் பிளேஸ் என்ற ஒரே மாநாட்டு அரங்கத்தில் ஒரே இரவில் கிட்டத்தட்ட ஆயிரம். இரவில் வலசை போகிறவற்றை விளக்கொளி கீழே இழுக்கிறது, மிச்சத்தைக் கண்ணாடி முடித்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அந்தக் கண்ணாடிகளில் சிறு சிறு புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் சாவு ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்தது. புள்ளிகள், அவ்வளவுதான்.

'தோற்றம் கெட்டுவிடும்' என்பீர்கள். சில அடி தள்ளி நின்றால் நம் கண்ணுக்கு அவை தெரியக்கூடத் தெரியாது. ஆனால் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். புள்ளிகள் கண்ணாடியின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அவற்றை மறைத்துவிடும். இடைவெளி 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடுவில் ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவது வீண்வேலை. பறவை படத்தைச் சுற்றிக்கொண்டு போய் மோதும். நியூயார்க் நகரத்தில் புதுக் கட்டடங்களின் கீழ்ப்பகுதிக்குப் பறவை பார்க்கக்கூடிய கண்ணாடிதான் போட வேண்டும் என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. கட்டி முடித்தபின் படலம் ஒட்டுவதைவிட வரைபடத்திலேயே சேர்த்துவிடுவது உங்களுக்கும் சுலபம்.

அப்புறம் இன்னொன்று. பழைய சுவர்களின் பொந்துகளில் உழவாரன் என்ற பறவைகள் கூடு வைக்கும். இப்போது நீங்கள் எழுப்பும் சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை. நல்ல வேலைதான், ஆனால் அவை எங்கே போகும்? அவை கூடு வைப்பதற்கென்றே உள்ளே குடைவான செங்கல் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பிரைட்டனில் புதுக் கட்டடங்களில் அதைப் பதிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கூரைக்குக் கீழே இரண்டு மூன்று பதித்தால் போதும்.

அடுத்த வரைபடத்தை அனுப்புவதற்கு முன், ஏற்கெனவே கட்டிய ஒரு கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் ஓரமாக, துப்புரவுப் பணியாளர்கள் வருவதற்கு முன்னால், விடியற்காலையில் ஒரு முறை நடந்து பாருங்கள். கீழே பார்த்து நடங்கள்.

அன்புடன்,
ஜன்னலைத் துடைக்காத ஒருவன்