பழைய புல்லட் வாங்கப்போகும் நண்பனுக்கு

கிருஷ்ணகிரி

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். சேலத்தில் விலைக்கு வந்திருக்கும் மூன்று புல்லட்டுகளைப் பற்றி எழுதிவிட்டு, "எல்லாம் 350 தானே, பார்வைக்கு நன்றாக இருப்பதை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தாய். அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதே. நீ எழுதிய ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், பெட்ரோல் டேங்கில் ஒரே பெயர் இருந்தாலும் அவை மூன்றும் மூன்று வெவ்வேறு இன்ஜின்கள்.

எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1949-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வெளிவந்த புல்லட்டுக்கும், 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னை திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டுக்கும், 2020-ஐத் தாண்டி வந்த புல்லட்டுக்கும் சிலிண்டரின் போர் (உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. என்ற கணக்கு மாறவே இல்லை, 346 சி.சி. என்பதும் அதனால்தான் நிலைத்தது. 2023-இல் வந்த புதிய புல்லட்டில்தான் அது 72-க்கு 85.8 என்று மாறி 349 சி.சி. ஆயிற்று. அதுவரை அளவு மாறாமல் நின்றதே தவிர, அதைச் சுற்றியிருந்தவை ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தன.

மூன்றில் முதலாவது, வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர் உள்ள பகுதி) கொண்ட பழைய இன்ஜின். அப்பா விட்டுச்சென்ற வண்டியும் அந்த வகைதான் என்பது உனக்குத் தெரியும். அதில் இன்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. இன்ஜினுக்கு ஓர் ஆயில், கிளட்ச் செயின் ஓடும் பெட்டிக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்குக் கிரீஸ் என மூன்றையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். ஆயில் தொட்டியும் கிராங்க் கேஸின் (இன்ஜினின் அடிக்கூடு) பின்பகுதியிலேயே வார்க்கப்பட்டிருப்பதால், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்படி நின்ற வண்டியைக் கிளப்பும்போது முதலில் வெள்ளைப் புகை எழுவதைப் பார்த்து, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதே. சிறிது நேரம் ஓடவிட்டுப் புகை அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசு.

அதைக் கிளப்பும் முறையை அப்பா எனக்குப் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொடுத்தார். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் கருவி) முள் இடப்பக்கம் சாயும். பிளக்குக்குத் தீப்பொறி தரும் பிளாட்டினம் பாயிண்ட் திறக்கும் நொடியில் அது நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் கடத்திவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையோடு மிதிக்க வேண்டும். முள்ளைப் பார்க்காமல் மிதித்தவர்களின் கணுக்காலை அந்தக் கிக்கர் பதம் பார்த்துவிடும். பின்னாளில் பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு இக்னிஷனும், அதற்கும் பிறகு பொத்தானை அழுத்தினால் கிளம்பும் செல்ஃப் ஸ்டார்ட்டும் வந்தபோது இந்தச் சடங்கு தேவையில்லாமல் போயிற்று. எங்கள் வண்டியில் 6 வோல்ட் மின்சாரம்தான். ராயக்கோட்டை சாலையில் இரவு திரும்பும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் முகப்பு விளக்கு மெழுகுவர்த்தி அளவுக்கு மங்கும். 12 வோல்ட் வந்ததை நான் பெரிய மாற்றமாகக் கருதுவது அதனால்தான்.

இரண்டாவது, ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி, 2000-ஐ ஒட்டி வந்த அலுமினிய இன்ஜின். கியர் பாக்ஸ் அப்போதும் தனியாகவே இருந்தது. இதைப் பலர் மதிப்பதில்லை. என் கருத்து வேறு. வார்ப்பிரும்பு பிளாக் சூட்டை எளிதில் விடாது. அதற்குள் ஓடும் அலுமினிய பிஸ்டனோ அதைவிட அதிகமாக விரியும். சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் தொப்பூர் கணவாயில் சுமையோடு ஏறும்போது அந்த வேறுபாடு சத்தத்திலேயே தெரியும். பிளாக்கும் அலுமினியமானபோது சூடு விரைவில் வெளியேறியது. நெடுந்தூரம் ஓட்டுகிறவனுக்கு அது பேருதவி.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து நானும் ஒரு முறை நட்டப்பட்டேன். ஒரு கடையில் "புல்லட்டுக்கு எல்லாம் இதுதான்" என்று உறுதியாகச் சொல்லிக் கொடுத்த ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையில் வைக்கும் தகடு) நம்பி வாங்கிவந்தேன். ஹெட்டைக் கழற்றிவைத்த பிறகு பார்த்தால் ஸ்டட் (திருகாணி) துளைகள் பொருந்தவில்லை. இரண்டு நாள் வண்டி துணி மூடிப் பட்டறையில் கிடந்தது. உதிரி பாகம் எதை வாங்கினாலும் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்.

மூன்றாவது, 2008-க்குப் பிறகு படிப்படியாக வந்த, இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யு.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்). மூன்று ஆயில் என்ற தொல்லை ஒன்றாயிற்று. வால்வைத் திறக்கும் அமைப்பில் உள்ள டேப்பெட், ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகை ஆனது; பழைய வண்டியில் இன்ஜின் ஆறியபின் வால்வைத் தள்ளும் புஷ் ராடை இரு விரலால் சுழற்றி, தடையின்றிச் சுற்றுகிறதா, ஆட்டம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்த வேலையே இல்லை. வலது காலில் இருந்த கியர், ஐந்து கியர் பாக்ஸ் வந்தபோது இடது காலுக்கு மாறிற்று. பழைய வண்டி ஓட்டிப் பழகியவன் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். ஆகவே முதல் வாரம் தொப்பூர் இறக்கத்துக்குப் போகாதே.

உன் நிலையை யோசித்தேன். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை தவிர ஸ்பேனர் பிடிக்க நேரமில்லை. எனவே மூன்றாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அலுமினிய இன்ஜினைப் பார். இரும்பு பிளாக் வண்டியை எனக்காக விட்டுவை. அப்பா வண்டிக்குத் துணையாக ஒன்றை வாங்க நெடுநாளாக ஆசை.

மூன்றின் இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும், ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து எழுதி அனுப்பு. அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறேன். நான் வந்து சேரும்வரை ஒருவரும் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவை. ஆறிய இன்ஜின் முதல் மிதியில் எப்படிப் பேசுகிறது என்று நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்