120 ஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்ற 60 ஹெர்ட்ஸ் டிவி: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
பெரம்பூர் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, கைபேசி எண் பில்லில் உள்ளபடி)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: நவம்பர் 2025

பொருள்: தீபாவளி விற்பனையில் வாங்கிய 55 அங்குல டிவியை மாற்றித் தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் அண்ணா நகர் கிளையில் தீபாவளிக்கு முன் நாங்கள் வாங்கிய டிவி, எதற்காக வாங்கினோமோ அந்த வேலையைச் செய்யவில்லை. படம் வருகிறது, சத்தம் வருகிறது, நிறமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விளம்பரத்திலும் கடையில் தொங்கிய அட்டையிலும் 120 ஹெர்ட்ஸ் என்று போட்டு, விற்பனையாளரும் வாய்விட்டுச் சொல்லி விற்ற இந்த டிவி உண்மையில் 60 ஹெர்ட்ஸ் டிவி (ஹெர்ட்ஸ் என்பது திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு). கிளையிலும் சர்வீஸ் பிரிவிலும் சொல்லிப் பார்த்துப் பலன் இல்லாததால் உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

என்ன கேட்டு வாங்கினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு டிவிதான், ஹாலில். சாயங்காலம் என் மாமியார் சீரியல் பார்ப்பார். மேட்ச் இருந்தால் என் கணவர் பார்ப்பார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகனும் மகளும் பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கருவியை டிவியில் மாட்டி விளையாடுவார்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சேர்ந்துகொள்வேன். அந்த பிளேஸ்டேஷன் மகன் தன் முதல் வேலையில் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கியது. பழைய 43 அங்குல டிவியில் அதன் 4கே (மிகத் தெளிவான) படம் வராது என்பதால்தான் புதிய டிவி வாங்கும் பேச்சே வீட்டில் எழுந்தது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைகிறது என்று அறிவிப்பு வந்ததும், செப்டம்பர் 22 வரை பொறுத்திருந்து, பிறகு பண்டிகைத் தள்ளுபடிக்கும் பொறுத்திருந்து, உங்கள் கடைக்கு வந்தோம்.

சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் மட்டும் என்றால் சாதாரண 60 ஹெர்ட்ஸ் 4கே டிவி தாராளமாகப் போதும். அதே 55 அங்குலத்தில் 15,000 ரூபாய் குறைவாக ஒரு மாடல் உங்கள் கடையிலேயே பக்கத்துச் சுவரில் இருந்தது. அதை விட்டுவிட்டு இதை எடுத்ததற்கு ஒரே காரணம் விளையாட்டு. விற்பனையாளரிடம் என் மகன் தெளிவாகவே கேட்டான். 4கே படத்திலேயே விநாடிக்கு 120 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வருமா? விஆர்ஆர் (விளையாட்டின் வேகத்துக்கேற்பத் திரையின் வேகமும் மாறும் வசதி) உண்டா? விளையாட்டைத் தொடங்கினால் டிவி தானாகக் கேம் மோடுக்கு (தாமதத்தைக் குறைக்கும் பட அமைப்புக்கு) மாறுமா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "எல்லாம் இருக்கு சார், எச்டிஎம்ஐ 2.1 போர்ட், பக்கா கேமிங் டிவி." பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். டெமோ பீஸில் வெளியிலிருந்து எதையும் இணைக்க அனுமதி இல்லை என்றார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது தயாரிப்பாளரின் வீடியோ. மெதுவாக விரியும் பூவும் கடலும். விளையாடுவதற்கு டிவி வாங்குகிறவர் அதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. அட்டையில் என்ன அச்சிட்டிருந்ததோ அதைத்தான் அவர் சொன்னார். அட்டையை அச்சிட்டது உங்கள் நிறுவனம்.

டிவியைச் சுவரில் மாட்டிய அன்று இரவே விஷயம் தெரிந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 5-இன் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் தகவல் என்று ஒரு பக்கம் உண்டு. எதிரே இருக்கும் டிவி எதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் என்று அது சொல்லிவிடும். எங்கள் டிவிக்கு அந்தப் பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் வரைதான் இருக்கிறது, 120 இல்லை. விஆர்ஆர் இல்லை என்றும் காட்டுகிறது. கேபிள் சரியில்லையோ என்று பிளேஸ்டேஷனுடன் பெட்டியில் வந்த கேபிளையே போட்டுப் பார்த்தோம். டிவியின் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகினோம். அதே பதில்தான் வந்தது.

இந்தக் கடிதத்தைப் படிப்பவருக்கு இந்தச் சொற்கள் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும், அதாவது சுமார் 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறை. 120 ஹெர்ட்ஸ் திரைக்கு அது 8.3 மில்லி விநாடி. சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம்தான், அங்கே இது பெரிதில்லை. விளையாட்டில் பட்டனை அழுத்துகிற கைக்கும் திரையில் திரும்புகிற காருக்கும் நடுவே இருக்கும் தாமதத்தில் இதுவும் ஒரு பங்கு. கூடவே இன்னொன்று. பிளேஸ்டேஷன் 5-இன் சில விளையாட்டுகளில் கூடுதல் தெளிவோடு விநாடிக்கு 40 ஃபிரேமில் ஓடும் ஒரு முறை உண்டு. அதற்கு 120 ஹெர்ட்ஸ் திரை தேவை, ஏனென்றால் 120 நாற்பதால் மீதமின்றி வகுபடும், 60 வகுபடாது. அந்த முறை எங்கள் டிவியில் வருவதே இல்லை. அதேபோல விஆர்ஆர்: விளையாட்டின் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் தன் வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி. பிளேஸ்டேஷன் 5-க்கு 2022 ஏப்ரலில் மென்பொருள் அப்டேட்டாக வந்தது. எங்கள் பழைய டிவியில் இல்லாத இந்த வசதிக்காகத்தான் மகன் அவ்வளவு ஆசையாக இருந்தான்.

அப்படியானால் அட்டையில் இருந்த 120 எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. அது பேனலின், அதாவது திரையின், வேகமே இல்லை. வருகிற இரண்டு படங்களுக்கு நடுவே டிவியே ஒரு படத்தைக் கற்பனையாகச் செய்து நுழைத்து, அசைவைச் சீராகக் காட்டும் ஒரு செயலிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த எண். நடுப் படத்தைச் செய்ய வேண்டுமானால் அடுத்த படம் வரும்வரை டிவி காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் தாமதம் கூடும். அதனால் கேம் மோடு போட்டவுடன் முதலில் அணைக்கப்படுவது இந்தச் செயலிதான். ஆக, 'கேமிங்' என்ற தலைப்பின் கீழ் நீங்கள் விற்ற 120, விளையாடத் தொடங்கிய கணமே இல்லாமல் போகிறது. சீரியல் பார்க்கும்போது மட்டும் இருக்கும் ஒரு வசதியை கேம் விளையாடுகிற பிள்ளைகளிடம் காட்டி விற்றிருக்கிறீர்கள்.

எச்டிஎம்ஐ 2.1 என்பதும் அப்படித்தான். டிவியோடு மற்ற கருவிகளைக் கேபிளால் இணைப்பதற்கான அந்த விதிமுறை 2017 நவம்பரில் வெளியானது. அதில் 4கே 120, விஆர்ஆர், தானாகக் கேம் மோடுக்கு மாறும் ஏஎல்எல்எம் எதுவுமே கட்டாயம் இல்லை. ஒன்றிரண்டு வசதி இருந்தாலும் 2.1 என்று சொல்லிக்கொள்ள முடியும். ஆனால் எந்தெந்த வசதி இருக்கிறது என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த டிவியில் 2.1-இன் பெயரில் இருப்பது ஸவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் இஏஆர்சி மட்டுமே. அட்டையில் அதைச் சொல்லியிருந்தால் நாங்கள் அந்த அட்டையைத் தாண்டிப் போயிருப்போம்.

கேம் மோடு தானாக மாறாததால் வரும் தொல்லை விளையாடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த டிவியில் ஒரு போர்ட்டில் போடும் பட அமைப்பு எல்லாவற்றுக்கும் சேர்ந்தே மாறிவிடுகிறது. இரவு பிள்ளைகள் கேம் மோடு போட்டுவிட்டுத் தூங்கப் போனால், மறுநாள் மாமியார் சீரியலை நீலம் பாய்ந்த படத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. மெனுவுக்குள் மெனுவாகப் போய் மாற்ற அவரால் முடியாது. யாராவது வீட்டுக்கு வரும்வரை அப்படியே பார்க்கிறார், இல்லையென்றால் அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே டிவியை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்குத்தான் அந்தத் தானியங்கி வசதி முக்கியம். அதனால்தான் கடையில் அதைத் தனியாகக் கேட்டோம்.

புகார் கொடுத்த பிறகு நடந்தது இன்னும் மோசம். சர்வீஸிலிருந்து வந்தவர் டிவியை ஆன் செய்து பார்த்தார். "பேனல்ல ஒரு கோளாறும் இல்லைம்மா, டிவி நல்லா ஓடுது" என்றார். நான் பிளேஸ்டேஷன் பக்கத்தைக் காட்டினேன். "அது கேம் பாக்ஸ் விஷயம்" என்று சொல்லிவிட்டு, வந்து போனதைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஓடிபி கேட்டு வாங்கினார். அவர் படி இறங்குவதற்குள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. எதுவும் தீராதபோது தீர்ந்தது என்று எழுதிக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. கிளைக்குப் போனால், பெட்டியைத் திறந்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கிறது என்கிறார்கள். பெட்டியைத் திறக்காமல் ஒரு டிவி எத்தனை ஹெர்ட்ஸ் என்று எந்த வாடிக்கையாளர் பார்ப்பார்?

கோளாறு இல்லை என்ற பதிலை நான் ஏற்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10) குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், பொருள் பழுதாகியிருக்க வேண்டும் என்று மட்டும் இல்லை. விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்துக்குப் பொருள் குறைவாக இருந்தாலும் அது குறைபாடுதான். நீங்கள் சொன்னது 120, கொடுத்தது 60. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது அதே சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் நாளிதழில் முழுப் பக்கம், தமிழில் பெரிய எழுத்தில் '120 ஹெர்ட்ஸ் கேமிங் டிவி'. பக்கத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில், ஆங்கிலத்தில், பேனல் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விளம்பரத்தில் எந்த மொழியில் ஒன்றைச் சொல்கிறீர்களோ அதே மொழியில்தான் மறுப்புக் குறிப்பும் இருக்க வேண்டும், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. தவறான கூற்றை அடிக்குறிப்பால் சரிசெய்ய முயல்வதும் கூடாது. உங்கள் விளம்பரம் எல்லாவற்றையும் மீறியிருக்கிறது. தமிழ் படித்து உங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு உண்மையைத் தமிழில் சொல்ல ஏன் மனம் வரவில்லை?

என் கோரிக்கை இதுதான். பேனலே 120 ஹெர்ட்ஸ் உள்ள, 4கே 120, விஆர்ஆர், ஏஎல்எல்எம் ஆகியவை இருக்கிற 55 அங்குல டிவியை மாற்றித் தாருங்கள். டெலிவரிக்கு முன் உங்கள் கடையில் எங்கள் பிளேஸ்டேஷனை அதில் மாட்டி, அந்த வீடியோ அவுட்புட் பக்கத்தைப் பார்த்த பிறகே எடுத்துக்கொள்வோம். விலை வித்தியாசம் நியாயமாக இருந்தால் கட்டத் தயார். அது முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். முழுப் பணம் என்றால் சுவர் ஸ்டாண்டுக்கும் டிவியை மாட்டிய கூலிக்கும் வாங்கியதையும் சேர்த்து. எக்ஸ்சேஞ்சில் நீங்கள் எடுத்துக்கொண்ட எங்கள் பழைய டிவி இப்போது திரும்ப வராது என்பதால் அதற்குப் போட்ட மதிப்பையும் பணமாகத் தர வேண்டும். மீதித் தொகை நோ-காஸ்ட் இஎம்ஐயில் போய்க்கொண்டிருக்கிறது. ஃபைனான்ஸ் கம்பெனியில் அந்தக் கடனை முடித்து, பிராசசிங் கட்டணத்தையும் நீங்களே ஏற்க வேண்டும். அடுத்த தவணை எங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்படும் முன் இதைச் செய்தால் நல்லது.

எங்கள் விஷயம் தீர்ந்தாலும் அந்த அட்டையைக் கடைகளிலிருந்து எடுத்துவிடுங்கள். பேனல் எத்தனை ஹெர்ட்ஸ், எந்த போர்ட்டில் என்ன வசதி என்று தமிழில் நேராக எழுதி வையுங்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு கேம் கான்சோலை வைத்து டிவியில் மாட்டிக் காட்டுவது உங்களுக்குப் பெரிய செலவில்லை. நாங்கள் பரவாயில்லை, எங்கள் வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை இருந்தான். பிள்ளைகள் கேட்டார்களே என்று தவணையில் வாங்கிக் கொடுத்துவிட்டு, என்ன வாங்கினோம் என்றே தெரியாமல் இருக்கும் பெற்றோர்கள் இந்தச் சென்னையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை என்பதும், நான் வசிக்கும் இடத்திலேயே மனு செய்யலாம் என்பதும் எனக்குத் தெரியும். பில், விளம்பரத் தாள், அட்டையின் புகைப்படம், பிளேஸ்டேஷன் திரையின் புகைப்படம், 'தீர்க்கப்பட்டது' என்று வந்த எஸ்எம்எஸ் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

டிவியை எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே போன் செய்யுங்கள். பகலில் மாமியார் மட்டும்தான் வீட்டில் இருப்பார். ஆறு மணிக்கு மேல் வந்தால் நாங்கள் இருப்போம். சுவரிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். பெட்டியையும் தெர்மோகோலையும் அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணா நகர் கிளை வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.