தாளின் முதல் வரி

ஸ்காபரோ

அன்பு மகளுக்கு,

செப்டெம்பரில், புற்றுநோய் ஆய்வுக்கு நன்கொடை சேர்க்கும் டெரி பொக்ஸ் நடைக்குப் பேரனையும் கூட்டிச் செல்லப் போவதாகவும், நன்கொடையை இணையத்தின் வழியே சேர்த்துவிடலாம் என்று நினைப்பதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து 1994ஆம் ஆண்டில் நீயும் தம்பியும் நானும் நடந்த நாளே நினைவில் நிற்கிறது. நடந்ததைவிட, அதற்கு முந்திய வாரம் நன்கொடை தருபவர்களின் பெயரை வரிவரியாக எழுத நீ பாடசாலையிலிருந்து கொண்டுவந்த தாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இடம்பெயர்ந்து நிவாரண வரிசைகளில் நின்று பழகிய எனக்கு, இந்த நாட்டில் எவர் கதவையும் தட்டி எதையும் கேட்பதில்லை என்ற வைராக்கியம் இருந்தது. அதனால் நானே ஐந்து டொலர் போட்டுத் தாளை முடித்துவிடுகிறேன் என்றேன். எட்டு வயதான நீ, "எங்களுக்காகவா கேட்கிறோம், அம்மா?" என்று கேட்டாய். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அன்று மாலை எங்கள் மாடியின் கடைசி வீட்டில் தனியாக இருந்த முதியவர், நீ நீட்டிய தாளைக் கதவு நிலையில் சாய்ந்தபடி நெடுநேரம் படித்துவிட்டு உள்ளே போனார். பிஸ்கட் தகரம் ஒன்றோடு திரும்பி வந்தவர், இருபத்தைந்து சதக் குற்றிகளை நான்கு நான்காக அடுக்கி, இருபது டொலரை உன் கையில் எண்ணித் தந்தார். அவருடைய மனைவி புற்றுநோயால் இறந்தவர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மூன்று ஆண்டுகளாக ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியும் நான் அவரோடு பேசியதில்லை.

இந்த நடைக்குப் பெயர் தந்த டெரியும் கேட்கத்தான் புறப்பட்டான். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த அந்தப் பிள்ளை, 1980 ஏப்ரல் 12ஆம் திகதி கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள சென் ஜோன்ஸ் நகரில் தொடங்கி, செயற்கைக் காலோடு நாளுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் வீதம் 143 நாட்கள் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஒன்ராறியோவின் தண்டர் பே நகருக்கு அருகே, 5,373 கிலோமீட்டரோடு நிற்க வேண்டியதாயிற்று. கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் என்பதே அவன் கேட்டது. 1981 பெப்ரவரியில், நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடாக, 24 மில்லியன் டொலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூனில், 23 வயதை எட்டுமுன்னரே அவன் இறந்து போனான். அவன் வளர்ந்த போர்ட் கொக்கிட்லம் உன் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. பேரனை ஒருமுறை அங்கே கூட்டிப் போ.

நடையன்று மழை தூறியதும், புதுச் சப்பாத்து கடித்துத் தம்பி பாதி வழியில் அழுததும், நீ உன் காலுறையைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டதும் உனக்கே நினைவிருக்கும். அது போட்டியில்லை, முந்துவதற்கு எவருமில்லை என்பதால், அவனுடைய நடைக்கு ஏற்றபடியே மூவரும் நடந்து முடித்தோம்.

இணையத்தில் சேர்ப்பது தவறென்று நான் சொல்லவில்லை. தூரத்திலிருப்பவர்களுக்கு அதுவே வசதி. ஆனால் உன் தெருவிலுள்ள நான்கு வீடுகளுக்காவது பேரன் தாளோடு போகட்டும். நீ சற்றுத் தள்ளி நில். பேச்சை அவனே பேசட்டும். முதல் வரியில் என் பெயரை அவன் கையாலேயே தமிழில் எழுதச் சொல், எழுத்து வராவிட்டால் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடு. என் பங்கு இருபது டொலரை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா